பாரம் இறங்கிய புலவர்

நெல்லைச் சீமை தமிழன்னைக்கு ஈந்த புலவர் பலர். அவருள் எச். ஏ. கிருஷ்ண பிள்ளையைக் கேட்டறியாத தமிழ்க் குடும்பங்கள் நம் பிரேசர் டவுனில் மிகச் சிலவே இருக்கலாம். 'கிறிஸ்தவக் கம்பர்' என்னும் பட்டத்தை யாவரும் அறிவர். அப்பட்டத்துக்குரியவர் நெஞ்சில் சுமந்திருந்த பாரத்தைப் பற்றியே இம்மலரில் சிறிது கூற விழைகின்றோம்.

அவர் 1827-ஆம் ஆண்டு, திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில், வைணவ வேளாளர் குடியில் தோன்றினார். தந்தையார் சங்கர நாராயண பிள்ளை கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். இராம காதை ஒலித்த அவ்வில்லத்தில் வளர்ந்த இளைஞருக்குக் கிறிஸ்து மார்க்கத்தின்மேல் இருந்தது வெறுப்பே. 1853-இல் சாயர்புரம் கல்விச்சாலைக்குத் தமிழாசிரியராகக் கால்டுவெல் ஐயர் அவரைத் தெரிந்தெடுத்தார். சம்பளத்துக்கென அங்குச் சென்றாரேயன்றிச் சமயத்துக்கெனச் சென்றாரல்லர்.

ஆயினும் நண்பர் தனக்கோடி ராஜுவின் தொடர்பும், கையிற் கிடைத்த நூல்களும் அவரை உறங்கவொட்டாமற் செய்தன. தம் பாவத்துக்குப் பரிகாரம் யாது என்னும் வினாவே அவரை வாட்டியது. பிறர் குற்றத்தை ஆராய்தல் புலவர்க்கு எளிது. தம் குற்றத்தைத் தாமே ஒப்புக்கொள்ளுதல், அதிலும் ஊரார் 'பண்டிதர்' என்று கைகூப்பும் ஒருவர்க்கு, எவ்வளவு அரிது! அவர் ஒப்புக்கொண்டார், ஜெபித்தார், மன்னிப்புப் பெற்றோம் என்னும் களிப்பு உள்ளத்தில் ஊறிற்று. தாம் கிறிஸ்தவரான வரலாற்றைப் பிற்காலத்தில் தாமே எழுதியும் வைத்தார். 1858-இல் சென்னையில் ஹென்றி ஆல்பிரெட் என்னும் பெயருடன் ஞானஸ்நானம் பெற்றார். சுற்றத்தாரும் குலத்தாரும் என்ன சொல்வரோ என்ற அச்சம் அந்நாளில் சிறிதன்று.

இக்களிப்பே பின்னர்க் காப்பியமாயிற்று. ஆங்கில நாட்டில் பாத்திரங்களைப் பழுது பார்த்துப் பிழைத்தவரும், தம் சமயப் பற்றின் பொருட்டுச் சிறையிருந்தவருமான ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட யாத்திரிகன் கதையை அவர் எடுத்துக்கொண்டார். ஐந்து பருவங்களும் 3,700-க்கு மேற்பட்ட பாடல்களும் கொண்ட 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-இல் நூலுருப் பெற்றது. முதுகிலே பாவச் சுமையோடு புறப்பட்ட யாத்திரிகன் சிலுவையின் அடியை அடைகின்றான். சுமை தானே கழன்று வீழ்கின்றது. அவன் அழுதுகொண்டே மகிழ்கின்றான். தம்மைக் கொல்வோர்க்காகவே இயேசு பெருமான் மன்னிப்பு வேண்டும் இடத்தில் புலவரின் தமிழ் உருகி ஓடுகின்றது. இடையிடையே வரும் தேவாரங்களோ புலவரின் சொந்த விண்ணப்பங்களாகவே ஒலிக்கின்றன. கம்பர் கற்பித்த நடையையும் ஆழ்வார்கள் கற்பித்த உருக்கத்தையும் அவர் கைவிட்டாரல்லர். புதிய வீட்டுக்கும் தாய்வீட்டுப் பாத்திரங்களையே எடுத்துச் சென்றார் எனலாம்.

பார்சல் ஆபீசில் உழலும் நமக்கு இச்சுமை நன்கு விளங்குகின்றது. எடுப்பாரின்றிக் கிடக்கும் மூட்டைக்கு நாள்தோறும் வார்பேஜ் கட்டணம் ஏறும். உரியவர் வந்து, தம்முடையதென்று கையொப்பமிட்டாலன்றி அது நகராது. நம் தமையனாரோடு பாகப்பிரிவினையில் நாம் கூறிய பொய் ஒன்று ஒன்பது ஆண்டுகள் அவ்வாறே கிடந்தது. அச்சிலுவைக் காட்சியைப் படித்த இரவிலேதான் அவர்க்குக் கடிதம் எழுதத் துணிந்தோம். அவர் மறுமொழி எழுதவில்லை. மறு வாரமே அண்ணியாரோடு பெங்களூர்க் கிழக்கு ஸ்டேஷனில் வந்து இறங்கினார். பொய்யைப் பற்றி ஒரு சொல்லும் கேட்டாரில்லை. குழந்தைகளுக்கு மணப்பாறை முறுக்கு வாங்கி வந்திருந்தார்.

கிருஷ்ண பிள்ளை தள்ளாத வயதிலும் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. 'இரட்சணிய மனோகரம்' 1899-இல் வெளிவந்தது. 1900 பிப்ரவரி 3-ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். அவருடைய தேவாரங்கள் இன்றும் பல வீடுகளில் ஓதப்பெறுகின்றன. நம் தமையனார் வந்த மறுநாள் மாலையும் அவற்றில் ஒன்றை அண்ணியார் படிக்க, அனைவரும் கேட்டிருந்தோம்.