நோயாளரை விட்டு ஓடாத நல்ல மேய்ப்பர்



மாத்தளை மாவட்டத்தில், சமவெளியினின்று ஏறத்தாழ 200 மீற்றர் உயரத்திற்கு எழுந்து நிற்கும் சீகிரியாக் குன்றை அறியாதார் நம்முள் இலர். கி.பி. 5ஆம் நூற்றாண்டில் தன் தந்தை தாதுசேனனைக் கொன்று அரியணை ஏறிய காசியப்பன், உடன்பிறந்தான் முகலன் படை திரட்டி வருவான் என்னும் அச்சத்தால் அக்குன்றின்மேல் அரண்மனை எழுப்பிக்கொண்டான் எனச் சூளவம்சம் கூறுகின்றது. அந்த அரண் இறுதியில் அவனைக் காக்கவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில், அதே குன்று கண்டி இராச்சியத்தின் காவலரணாக மீண்டும் பயன்பட்டது. அந்த இராச்சியம் நாற்புறமும் பகையால் சூழப்பட்டிருந்த நாள்களில், அரணும் ஆயுதமும் இல்லாத குருவானவர் ஒருவர் அதன் தலைநகரில் வாழ்ந்தார். கொள்ளைநோய் வந்தபோது மன்னரும் பிரபுக்களும் நகரைவிட்டு அகன்றனர். அவரோ நோயாளரோடு தங்கினார். அவரே இலங்கையின் திருத்தூதரெனப் போற்றப்படும் புனித யோசப் வாஸ் அடிகளார்.

அடிகளார் வாழ்ந்த காலத்தின் நிலையை முதலில் மனத்திற்கொள்வோம். 1638ஆம் ஆண்டில் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனோடு உடன்படிக்கை செய்த ஒல்லாந்தர், போர்த்துக்கேயரின் கோட்டைகளை ஒவ்வொன்றாகக் கைப்பற்றினர். 1656இல் கொழும்பும், 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் அவர்கள் வசமாயின. வென்ற கோட்டைகளை மன்னனிடம் ஒப்படைக்காது தாமே வைத்துக்கொண்டமையால் கண்டிக்கும் அவர்களுக்கும் பகை மூண்டது. இதற்கிடையே நசுங்கியவர்கள் பொதுமக்கள். கத்தோலிக்கக் குருக்கள் நாட்டினின்று துரத்தப்பட்டனர், ஆலயங்கள் பறிக்கப்பட்டன. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இத்தீவின் கத்தோலிக்கர் திருப்பலியின்றி, ஒப்புரவு அருட்சாதனமின்றி, மேய்ப்பனில்லா ஆடுகளாய் வாழ்ந்தனர்.

இச்செய்தி கோவாவில் ஒரு குருவின் உள்ளத்தைச் சுட்டது. 1651 ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவிலுள்ள பெனோலிம் என்னும் ஊரில் கொங்கணிக் குடும்பமொன்றில் பிறந்து, 1676இல் குருத்துவ அருட்பொழிவு பெற்றவர் யோசப் வாஸ். மறு ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள், சங்கோலில் உள்ள ஆரோக்கிய அன்னையின் ஆலயத்தில் தம்மை மரியன்னையின் அடிமையாக எழுத்தில் ஒப்புக்கொடுத்தார். கோவாவில் ஒன்றுகூடி வாழத் தொடங்கியிருந்த குருக்களின் குழுமத்தில் இணைந்து, அதனைப் புனித பிலிப்பு நேரியாரின் ஒரட்டோரியன் சபையாக ஒழுங்குபடுத்தினார். அங்கே அமைதியாக வாழ்ந்து மடிந்திருக்கலாம். ஆயினும் இலங்கை மக்களின் துயரம் அவரை விடவில்லை.

1687ஆம் ஆண்டு, யோவான் என்னும் பணியாளரோடு தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்தார். ஒல்லாந்தரின் காவலர் கண்ணுக்குத் தப்புவதற்காகக் குருவின் அங்கியைக் களைந்து கூலியாளின் உடை தரித்திருந்தார். யாழ்ப்பாணத்தை அடைந்தபோது இருவரும் கடும் வயிற்றுளைச்சலால் நலிந்து, நிற்கவும் வலுவின்றி இருந்தனர். தொற்றுக்கு அஞ்சியவர்கள் அவர்களை ஊருக்கு வெளியே ஒதுக்கிவிட்டனர். அந்நிலையில் இரக்கமுள்ள பெண்ணொருத்தி நாள்தோறும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார். அந்தக் கஞ்சியே அவர்களின் உயிரைக் காத்தது. அவர் இன்னாரென்று அந்தப் பெண்மணிக்குத் தெரியாது. பசித்த, நோயுற்ற அந்நியன் ஒருவனை மட்டுமே அவர் கண்டார். இலங்கையில் அடிகளார் தம் பணியைத் தொடங்குமுன் இலங்கையின் இரக்கத்தைப் பெற்றுக்கொண்டார் என்பதை நாம் மறத்தலாகாது.

உடல் தேறியபின், கழுத்தில் செபமாலையை அணிந்து வீடுவீடாக இரந்து சென்றார். அதனைக் கண்டு எவர் முகம் மலர்கின்றதோ அவரே கத்தோலிக்கர் என அறிந்துகொண்டார். சில்லாலையை நடுவிடமாக வைத்து இரவுகளில் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். 1689ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளில் ஒல்லாந்தர் மக்கள் கூடியிருந்த இடங்களைச் சுற்றிவளைத்துப் பலரைச் சிறைப்பிடித்தனர். அடிகளார் தப்பிப் புத்தளம் சேர்ந்து, 1692இல் கண்டி இராச்சியத்தினுள் நுழைந்தார். அங்கே அவர்மீது சாட்டப்பட்ட குற்றம் என்ன தெரியுமா? போர்த்துக்கேயரின் உளவாளி என்பதே. இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரைச் சிறையிலிட்டான். போர் நடக்கும் நாட்டில் துன்புறுவோரைத் தேடிச் செல்கிறவருக்கு இரு தரப்பிலும் கிடைக்கும் முதற்பெயர் இதுவே. ஒல்லாந்தருக்கு அவர் எதிரி. கண்டிக்கு அவர் ஒற்றர். அவரோ எவர்மீதும் வன்மம் கொள்ளாது, சிறையிலிருந்தவாறே சிங்கள மொழியைக் கற்றார். காவலரின் நம்பிக்கையைத் தம் நடத்தையால் வென்றார். காலப்போக்கில் நகரில் நடமாடும் உரிமை பெற்றார்.

1697ஆம் ஆண்டு கண்டியில் பெரியம்மை பரவியது. அந்நோய்க்கு அக்காலத்தில் மருந்தில்லை. அம்மைப்பால் குத்தும் முறையை எட்வர்ட் ஜென்னர் கண்டறிந்தது 1796இல்; நோய் உலகினின்று ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது 1980இல். ஆதலால் அன்று மக்கள் அறிந்திருந்த ஒரே காப்பு ஓட்டமே. பெற்றோர் பிள்ளைகளையும், பிள்ளைகள் பெற்றோரையும் கைவிட்டனர். நோயுற்றோர் காட்டோரங்களில் விடப்பட்டனர். புதைப்பாரின்றிப் பிணங்கள் கிடந்தன.

அடிகளாரும் கோவாவிலிருந்து வந்திருந்த அவருடைய சபைத் தோழர் தந்தை யோசப் கர்வாலோவும் அவர்களைத் தேடிச் சென்றனர். கைவிடப்பட்ட வீடுகளை நோயாளர் தங்கும் இல்லங்களாக்கினர். காட்டில் கிடந்தோருக்குக் குடிசைகள் அமைத்தனர். தண்ணீரும் கஞ்சியும் ஊட்டினர், புண்களைக் கழுவினர், இறந்தோரைத் தம் கைகளாலேயே புதைத்தனர். மருந்தற்ற நோய்க்கு உணவும் நீரும் தூய்மையும் அருகிருப்பாரின் கையும் எவ்வளவு பெரிய மருந்து என்பதை இன்றைய மருத்துவமும் ஏற்றுக்கொள்ளும். பராமரிப்பாரின்மையாலும் தாகத்தாலும் இறக்கவேண்டியிருந்தோர் பலர் அதனால் பிழைத்திருப்பர்.

இங்கே நாம் நின்று சிந்திக்கவேண்டிய ஒன்றுண்டு. கண்டியில் அன்று கத்தோலிக்கர் சிறு தொகையினரே. நோயுற்றோரில் மிகப் பலர் பௌத்தர். அடிகளாரைச் சிறையிலடைத்த அரசின் குடிமக்கள் அவர்கள். அவரை ஒற்றர் என்று ஏசியவர்களும் அவர்களிடையே இருந்திருக்கக்கூடும். நீர் யார் பக்கம் என்று அவர் எவரையும் வினவவில்லை. நல்ல சமாரியர் உவமையில் குற்றுயிராய்க் கிடந்தவனின் ஊரும் பெயரும் நமக்குச் சொல்லப்படவில்லை அல்லவா? காயத்தைக் கட்டுவதற்கு அவை தேவைப்படவில்லை. அவ்வுவமையை அடிகளார் கண்டித் தெருக்களில் வாழ்ந்து காட்டினார்.

இதனைக் கண்ட மன்னன் மனம் மாறினான். கிறிஸ்தவனாக அவன் மாறவில்லை. ஆயினும் அடிகளாருக்குத் தன் நாட்டில் தடையின்றிப் பணியாற்றும் உரிமையை அளித்துப் பாதுகாத்தான். அவ்வாறு கத்தோலிக்க மறை இத்தீவில் மீண்டும் வேரூன்ற ஒரு பௌத்த மன்னனின் நிழல் உதவியது. கோவாவிலிருந்த சபையும் குருக்களை அனுப்பித் துணைநின்றது. அவர்களுள் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றி நம் விசுவாச வாழ்வை வளப்படுத்தினார். ஆயர் பொறுப்பு தம்மைத் தேடிவந்தபோது யோசப் வாஸ் அதனை ஏற்க மறுத்து, கால்நடையாகவே தீவெங்கும் சென்று உழைத்தார். உடல் நலிந்து, 1711 சனவரி 16ஆம் நாள் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். 1995 சனவரி 21இல் கொழும்பில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராகவும், 2015 சனவரி 14இல் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராகவும் உயர்த்தினர். புனிதர் பட்டமளித்த அன்றே திருத்தந்தை மடு அன்னையின் திருத்தலத்திற்குச் சென்று செபித்தார்.

அந்தப் பயணம் பொருள் பொதிந்தது. ஒல்லாந்தர் காலத்தில் அன்னையின் திருவுருவத்தோடு காட்டிற்குள் தஞ்சம் புகுந்த கத்தோலிக்கரின் நினைவைச் சுமந்து நிற்பது மடு. 1983 முதல் 2009 வரை நீடித்த போரிலும் இடம்பெயர்ந்த பல்லாயிரவர் அங்கே அடைக்கலம் தேடினர். 1999 நவம்பரில் அந்த ஆலய வளாகத்திலேயே எறிகணைகள் வீழ்ந்து, தஞ்சமடைந்திருந்தோர் பலர் மாண்டனர். அக்கொடிய ஆண்டுகளில் குருக்களும் துறவியரும் தம் மக்களோடு தங்கினர்; சிலர் உயிரையும் ஈந்தனர். யாழ்ப்பாணத்தில் கியூடெக், மன்னாரில் வாழ்வுதயம், மட்டக்களப்பில் எகெட் எனக் கரித்தாஸ் நிறுவனங்கள் உணவும் மருந்தும் கூரையும் கொண்டு சென்றன. அவர்களுள்ளும் சந்தேகப் பார்வைக்கு உள்ளாகாதோர் குறைவு. 1697இல் கண்டியில் தொடங்கிய பாதையிலேதான் அவர்கள் நடந்தனர்.

அன்புக்குரியோரே! போர் ஓய்ந்துவிட்டது, எனினும், நீர் யார் பக்கம் என்னும் வினா நம் உள்ளங்களில் ஓய்ந்துவிட்டதா? மொழி வேறானவர் என்பதற்காக ஒரு நோயாளியின் வீட்டு வாசலைத் தாண்டிச் சென்றதுண்டா? பழைய பகைக்காக ஓர் இறப்பு வீட்டிற்குச் செல்லாது நின்றதுண்டா? நம் வீட்டிலேயே படுக்கையில் கிடக்கும் முதியவரின் உடலைக் கழுவ முகம் சுளித்ததுண்டா? உங்கள் ஊரில் எவரும் எட்டிப்பார்க்காத ஒரு நோயாளியை இவ்வாரம் குடும்பமாகச் சென்று காணுங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். கையில் சிறிது கஞ்சி இருந்தால் போதும். யாழ்ப்பாணத்துப் பெண்மணி ஒரு புனிதரைக் காத்தது அதனால்தான்.

செபிப்போம்: இரக்கத்தின் ஆண்டவரே, கைவிடப்பட்டோரிடம் உம் முகத்தைக் கண்ட புனித யோசப் வாசின் மன்றாட்டால், அஞ்சி ஓடாத அன்பை எங்களுக்குத் தாரும். போரால் காயமுற்ற எம் நாட்டின் எல்லா இனத்தாரையும் உமது கரத்தால் குணமாக்கும். ஆமென்.