அம்மை வடு முகம், ஆயிரம் பொன் நடிப்பு!
தாராபுரம் தந்த நாகேஷ்

திருப்பூரிலிருந்து தாராபுரம் பஸ்சில் தினமும் போய் வருகிறவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. நாகேஷ் அந்த ஊர்க்காரர் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

தாராபுரத்தை ஒட்டிய கொழிஞ்சிவாடிதான் அவர் வளர்ந்த இடம். 1933 செப்டம்பர் 27-ல் பிறந்தார். கன்னடம் பேசும் குடும்பம். அப்பா கிருஷ்ணராவ் ரெயில்வே உத்தியோகஸ்தர். பையனுக்கு வைத்த பெயர் நாகேஸ்வரன். வீட்டில் கூப்பிட்டது குண்டப்பா. அந்த ஒல்லி உடம்புக்கு அப்படி ஒரு பெயர்!

கோவை பி.எஸ்.ஜி. கல்லூரியில் படிக்கும்போது அம்மை போட்டது. உயிர் பிழைத்தார். முகம் முழுக்க வடு. சினிமாவுக்கு முகம்தானே முதல்? வேறு யாராவது இருந்தால் கண்ணாடி பார்ப்பதையே விட்டிருப்பார்கள். இவர் ரெயில் ஏறிச் சென்னைக்குப் போனார்.

அங்கே ரெயில்வேயில் குமாஸ்தா வேலை. பகலில் ஃபைல், சாயங்காலம் நாடகம். ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரனாகக் கொஞ்ச நேரம்தான் வந்தார். கொட்டகையே குலுங்கியது. தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆர்., அந்தச் சின்ன வேஷத்துக்கே பரிசுக் கோப்பையைக் கொடுத்துவிட்டார்.

வேலையை விட்டார். தியாகராயநகர் கிளப் ஹவுசில் ஜாகை. அறைத் தோழர் கவிஞர் வாலி. இரண்டு பேருக்கும் அப்போது பாக்கெட் காலி!

இன்னொரு குமாஸ்தாவும் அதே சென்னையில் நாடகம் எழுதிக்கொண்டிருந்தார். அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீசில் வேலை பார்த்த கே.பாலசந்தர்தான். நாகேஷுக்காகவே அவர் எழுதிய 'சர்வர் சுந்தரம்' மேடையில் பிய்த்துக்கொண்டு போக, 1964-ல் ஏ.வி.எம். படமாக்கியது. அழகில்லாத ஒரு ஓட்டல் சர்வர் பெரிய நடிகனாகிறான், ஆனால் காதலித்த பெண் கிடைக்கவில்லை. நாகேஷ் வேஷம் போட்டாரா, தன்னையே காட்டினாரா என்று ஜனங்களுக்குச் சந்தேகம். அதே வருஷம் 'காதலிக்க நேரமில்லை'. பாலையாவுக்கு அவர் பேய்க்கதை சொல்லும் இடத்தை இன்றைக்கு டி.வி.யில் போட்டாலும் கடையில் சாமான் கட்டுகிற கை நின்றுவிடும்.

1965-ல் 'திருவிளையாடல்'. ஆயிரம் பொன்னுக்கு ஆலாய்ப் பறக்கும் ஏழைப் புலவன் தருமி. கோவில் மண்டபத்தில் தனியாகப் புலம்புவாரே, அதில் சிரிப்பும் இருக்கிறது, பசியும் இருக்கிறது. எதிரே நின்றது சிவாஜி. ஆனாலும் பார்த்தவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனது தருமியைத்தான்.

'எதிர்நீச்சல்' மாடிப்படி மாது, 'தில்லானா மோகனாம்பாள்' வைத்தி, இரண்டும் 1968. ஒன்று பாவப்பட்ட பிறவி, மற்றது படுபாவி. ஒரே ஆள்!

அப்புறம் புதிய காமெடியன்கள் வந்தார்கள், படங்கள் குறைந்தன. மறுபடி தூக்கிவிட்டவர் கமல்ஹாசன். 1989-ல் 'அபூர்வ சகோதரர்கள்' வில்லன். 1994-ல் 'மகளிர் மட்டும்' படத்தில் பிணமாக வந்தார். வசனமே கிடையாது, கண் இமைக்கக் கூடாது, அப்படியும் சிரிக்க வைத்தார்! அதே வருஷம் 'நம்மவர்'. மகளைப் பறிகொடுத்த தகப்பன் வேஷம். சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது அதற்குத்தான் கிடைத்தது. நாட்டையே சிரிக்க வைத்தவருக்கு 60 வயசுக்கு மேலே, அழ வைத்ததற்காக விருது! பத்ம விருது கடைசி வரை வரவில்லை. ஏன் என்று டெல்லிக்காரர்களைத்தான் கேட்க வேண்டும்.

2008-ல் வந்த 'தசாவதாரம்' கடைசிக் காலப் படம். 2009 ஜனவரி 31-ல் சென்னையில் காலமானார். திருப்பூர் மாவட்டம் உதயமாகி, தாராபுரம் அதில் சேர்ந்தது அதற்கடுத்த பிப்ரவரியில்.