சிவாவின் நோயும் நடையும்

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால், தென்காசி ரயில் நிலையத்தில் வந்திறங்கும் ஜனங்களில் இருவகையாரைக் காணலாம். உல்லாசத்துக்காக வருபவர் ஒரு வகை. தீராத நோயைச் சுமந்துகொண்டு வருபவர் மற்றொரு வகை. சித்தம் கலங்கியவரைப் பேரருவியில் நிறுத்தினால் தெளிவு பிறக்கும் என்று நம்பிக் கைபிடித்து அழைத்து வரும் உறவினரை நாம் பல முறை கண்டிருக்கிறோம். தோல் நோயுள்ளவர் கூட்டம் கலைந்த பிறகு, இருட்டுக்கு முன் ஒதுங்கி நின்று நீராடிப் போவதையும் கண்டிருக்கிறோம். அருவி நீர் நோயைத் தீர்க்குமா என்பது வேறு விஷயம். மலையேறி வந்து குளித்தவன் முகத்தில் சிறிது நேரமாவது பயம் நீங்கியிருப்பதை யாரும் மறுக்க முடியாது.

இந்தச் சாரல் காலத்தின் நடுவில்தான், ஜூலை 23-ந் தேதி, தேசபக்தர் சுப்பிரமணிய சிவா மறைந்த நாள் வருகிறது. ரயிலில் தென்காசிக்கு வரும்போதெல்லாம் அவரை நினையாமல் இருக்க நம்மால் முடிவதில்லை. ரயிலில் ஏறலாகாது என்று தடுக்கப்பட்ட மனிதர் அவர்.

சிவா 1884-ஆம் வருஷம் அக்டோபர் 4-ந் தேதி மதுரை ஜில்லாவாக அப்போதிருந்த பகுதியில், வத்தலக்குண்டில் பிறந்தார். வறுமை இளமையிலேயே அவரைப் பற்றிக்கொண்டது. திருவனந்தபுரத்தில் ஊட்டுப்புரைச் சோறுண்டு படித்தார். அங்கேதான் யோகப் பயிற்சியில் அவருக்கு ஈடுபாடு உண்டாயிற்று என்பர். தேசப் பணியில் இறங்கி வாலிபர்களைக் கூட்டிப் பேசத் தொடங்கியதும் சமஸ்தானத்தார் அவரை வெளியேற்றினர். 1908-ஆம் வருஷத் தொடக்கத்தில் தூத்துக்குடி சேர்ந்தார். அங்கே வ. உ. சிதம்பரம் பிள்ளை அவருக்கு இல்லத்தில் இடமளித்தார். கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம், விபின சந்திர பாலர் விடுதலைக் கொண்டாட்டம், மார்ச்சு 12-ந் தேதி கைது, மறுநாள் திருநெல்வேலியில் கலகம் என்னும் இவை நமது நேயர்கள் நன்கறிந்தவை. இங்கே விரிக்கப் போவதில்லை.

அந்த வழக்கில் ஒரு விநோதத்தை மாத்திரம் வக்கீல் என்ற முறையில் குறிப்பிட விரும்புகிறோம். சிதம்பரம் பிள்ளைக்குக் கிடைத்த தண்டனையில் ஒரு பகுதி, சிவாவுக்கு உண்ண உணவும் இருக்க இடமும் கொடுத்து உதவினார் என்பதற்காக விதிக்கப்பட்டது. சிவாவுக்கு ஜட்ஜ் பின்ஹே விதித்தது பத்து வருஷத் தீவாந்தர சிக்ஷை. ஹைக்கோர்ட்டு அதை ஆறாகக் குறைத்தது. 1912-ஆம் வருஷம் நவம்பர் 2-ந் தேதி சேலம் சிறையிலிருந்து அவர் வெளிவந்தபோது வயது இருபத்தெட்டு. உள்ளே போனவர் திடகாத்திரர். வெளியே வந்தவர் குஷ்டரோகி.

சிறையில் ஆட்டுமயிரைச் சுத்தம் செய்யும் வேலையால் அந்நோய் வந்தது என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. இதில் நியாயமாகப் பேச வேண்டும். தொழுநோய் ஒரு கிருமியால் வருவது. நார்வே தேசத்து வைத்தியர் ஹான்சன் 1873-லேயே அதைக் கண்டுபிடித்தார். அக்கிருமி உடலில் புகுந்து பல வருஷங்கள் கழித்தே தன்னைக் காட்டும். ஆதலால் எந்த நாளில், எந்த இடத்தில் பற்றிற்று என்று சாட்சியம் வைத்து நிரூபிக்க முடியாது. ஆனால் அதே வைத்திய சாஸ்திரம் மற்றொன்றும் சொல்லுகிறது. மனிதரில் மிகப் பெரும்பாலோருக்கு அக்கிருமியைத் தாங்கி வெல்லும் சக்தி இயற்கையாகவே உண்டு. அரைப்பட்டினியும் ஓயாத வேலையும் ஆறாத மனக்கவலையும் அந்தத் தற்காப்பை அரித்துவிடும். கிருமியைச் சிறை அதிகாரிகள் ஊட்டினார்கள் என்று நாம் குற்றஞ்சாட்டவில்லை. காவலாளியை அப்புறப்படுத்திக் கதவைத் திறந்து வைத்தார்கள் என்று சொல்லுவதில் நமக்குத் தயக்கமில்லை.

விடுதலைக்குப் பின் சிவா சென்னைக்கு வந்தார். அந்தச் சரீரத்தோடு அவர் செய்த வேலையை எண்ணினால் நமக்கு வெட்கமாக இருக்கிறது. 1913-ல் ஞானபாநு பத்திரிகையைத் தொடங்கினார். புதுச்சேரியில் இருந்த பாரதியார் அதில் எழுதினார். பின்பு பிரபஞ்சமித்திரன், இந்திய தேசாந்திரி என்ற பத்திரிகைகளை நடத்தினார். நாடகங்கள் இயற்றி மேடையேற்றினார். காவியுடுத்தி, சுதந்திரானந்தர் என்ற பெயருடன் ஊர் ஊராகப் பேசினார். பத்திரிகை நடத்துவோர்க்கு ஒன்று தெரியும். ஆரோக்கியமுள்ள உடம்போடும், கடன் கொடுக்க இரண்டு நண்பரோடும் இருந்தாலே அது பிராணனை வாங்கும் தொழில். சிவாவுக்கு இரண்டுமில்லை.

1921-ல் மறுபடியும் ராஜத்துரோக வழக்கு, இரண்டரை வருஷ தண்டனை. நோய் முற்றியதால் காலம் முடியுமுன்னரே விட்டார்கள். பிறகுதான் நோயைக் காரணம் காட்டி ரயில் பிரயாணத்துக்குத் தடை வந்தது. தொற்றுநோயுள்ளவரை ஏற்ற மறுக்க 1890-ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்தில் இடமிருந்தது. வாடகை வண்டிகளிலிருந்து விலக்க 1898-ஆம் வருஷத்துக் குஷ்டரோகிகள் சட்டத்தில் இடமிருந்தது. எத்தனையோ நோயாளிகள் ரயிலில் போய்க்கொண்டிருந்த நாட்டில், பேச்சாளரான ஒரு நோயாளியின் விஷயத்தில் சர்க்காருக்குப் பொது சுகாதாரத்தில் இவ்வளவு அக்கறை பிறந்தது.

சிவா நடந்தார்.

இவ்விடத்தில் நமது மேடைப் பிரசங்கிகள் மனத்தின் வெற்றி என்று ஒரு வார்த்தை சொல்லிக் கைதட்டு வாங்கிவிடுகிறார்கள். நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். தொழுநோய் நரம்பைத் தாக்கும் நோய். பாதத்தில் உணர்ச்சி மரத்துப் போகும். கல் குத்தினாலும் தெரியாது. கொப்புளம் உடைந்து புண்ணானாலும் வலிக்காது. வலி தெரியாததனால் நோயாளி மேலும் நடப்பான், புண் எலும்பு வரை போகும். அப்படிப்பட்டவனுக்கு முதல் மருந்து பாதத்துக்கு ஓய்வு. ஆகவே சிவாவின் நடை அவரது நோயை ஆற்றவில்லை. அதை வளர்த்திருக்கவே வேண்டும். மனோபலத்தால் அவர் நோயை ஜயித்தார் என்பது உண்மையன்று. நோய் அவரை நாற்பத்தோரு வயது நிறையுமுன் கொன்றுவிட்டது. மனம் செய்த வேலை வேறு. ஊரார் ஒதுங்கும்போதும் தான் ஒதுக்கப்பட்டவன் என்று அது ஒப்புக்கொள்ளவில்லை. இந்நோயில் மனிதனை முதலில் வீழ்த்துவது அந்த ஒப்புதல்தான். அதற்குப் பிறகு அவன் மருந்து தேடான், உண்ணான், புண்ணைக் கழுவான்.

இதை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. மன உறுதியிருந்தால் எந்த நோயும் பறக்கும் என்று சொல்லுகிறவர், நோய் தீராதவனை உறுதியற்றவன் என்று சொல்லாமற் சொல்லுகிறார். பூர்வ ஜன்ம பாபம் என்று அந்நாளில் ஒதுக்கியவர்களுக்கும் இவர்களுக்கும் தூரம் அதிகமில்லை. சிவாவுக்கு மருந்து கிடைத்திருந்தால்? அக்காலத்தில் இருந்தது நீரடிமுத்து எண்ணெய் ஒன்றே. அந்த மரம் இந்த மேற்கு மலைத்தொடரின் காடுகளில் ஓடைக்கரைகளில் வளருவது. ஐரோப்பிய வைத்தியரும் அதன் இனத்து எண்ணெயையே நம்பியிருந்தனர், பலன் சொற்பம். உண்மையான மருந்து 1940-களில் வந்தது. 1980-களில் கூட்டு மருந்து முறை வந்த பின் தொழுநோய் முழுக்கக் குணமாகக்கூடியதாயிற்று. இன்று அம்மருந்து நமது நாட்டில் இலவசம்.

மகாத்மா காந்தி 1939 முதல் சேவாகிராமத்தில், எரவாடாச் சிறையில் தம்மோடிருந்த பர்ச்சூரே சாஸ்திரி என்ற பண்டிதரைத் தங்கவைத்து, தம் கையாலேயே அவர் உடலுக்கு எண்ணெய் தேய்த்துப் பணிவிடை செய்தார். எண்ணெயைவிட அந்தக் கை செய்த நன்மை அதிகமாயிருக்கலாம். சிவாவுக்கு அத்தகைய கை சில வாலிபரிடமிருந்து கிடைத்தது. அவர்கள் அவரோடு தங்கினர், உண்டனர், நடந்தனர். மற்றப்படி அவரைத் தேசபக்தர் என்று போற்றியவரில் எத்தனை பேர் தம் வீட்டுத் திண்ணையில் அவருக்கு இலை போட்டிருப்பார்கள் என்று நம்மையே நாம் கேட்டுக்கொண்டால், பதில் இனிப்பாக இராது.

சட்டமும் நெடுங்காலம் திண்ணையைப் போலவே நடந்துகொண்டது. அந்த 1898-ஆம் வருஷத்துச் சட்டம் நம் சட்டப் புத்தகத்திலிருந்து நீக்கப்பட்டது 2016-ல். கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்பது விவாகரத்துக்குக் காரணமாகாது என்று பார்லிமெண்டு திருத்தம் செய்தது 2019-ல். சுயராஜ்யம் வந்து எழுபது வருஷங்களுக்கு மேல் ஆகியிருந்தது.

கடைசிக் காலத்தில் சிவாவின் ஆசை முழுவதும் தர்மபுரிக்கு அருகே பாப்பாரப்பட்டியில் இருந்தது. அங்கே ஆசிரமம் அமைத்து, பாரத மாதாவுக்கு ஜாதி மத பேதமின்றி யாவரும் வழிபடும் ஓர் ஆலயம் கட்ட நினைத்தார். 1923-ல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அஸ்திவாரக் கல் நாட்டினார். அதற்காகப் பணம் சேகரிக்கத்தான் அந்தப் பாதங்கள் மேலும் மேலும் நடந்தன. 1925-ஆம் வருஷம் ஜூன் 16-ந் தேதி தாஸ் காலமானார். ஐந்து வாரம் கழித்து, ஜூலை 23-ந் தேதி, பாப்பாரப்பட்டியில் சிவாவும் கண்மூடினார். சுவர் எழும்பவில்லை. அவர் விரும்பிய நினைவாலயம் அங்கே எழுந்து ஜனங்களுக்குத் திறக்கப்பட்டது 2021-ஆம் வருஷத்தில்தான்.