சங்கம் வளர்த்த பண்டிதர்

தலைவர் போனால் சங்கமும் போய்விடும். இது நாம் அன்றாடம் காணும் காட்சி. நான் முன்பு பயின்ற கல்லூரியில் ஒரு தமிழ் மன்றம் இருந்தது. ஆர்வம் மிக்க செயலாளர் ஒருவர் இரண்டாண்டு அதனைச் சிறப்பாக நடத்தினார். படிப்பு முடிந்தது, அவர் சென்றார், மன்றமும் படுத்துவிட்டது. கணக்கேடு யாரிடம் இருக்கிறது என்பதுகூட எங்களுக்குத் தெரியவில்லை. அப்போது என் நினைவுக்கு வந்தவர் எங்கள் கோலார் தங்கவயலோடு நெருங்கிய உறவு கொண்ட பெரியார் ஒருவர். அவரே அயோத்திதாசப் பண்டிதர்.

1845ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியரின் பெயரையே பின்னர்த் தம் பெயராகக் கொண்டார். ஆசிரியர்க்குச் செலுத்தும் நன்றி இதனினும் உயர்ந்தது வேறு உண்டோ? அவருடைய பாட்டனார் கந்தப்பன் வீட்டிலிருந்த திருக்குறள் ஓலைச்சுவடி எல்லிஸ் துரையிடம் போய்ச் சேர்ந்தது என்று பண்டிதரே எழுதியிருக்கிறார். தீண்டத்தகாதவர் என்று ஊர் ஒதுக்கிய குடியில் தமிழ் நூலும் சித்த மருத்துவமும் வழிவழியாக வாழ்ந்தன. பண்டிதர் அவ்விரண்டிலும் வல்லவரானார்; மருத்துவமே அவருக்குத் தொழிலாயிற்று.

இளமையில் நீலகிரியில் வாழ்ந்த காலத்திலேயே சபை ஒன்றை நிறுவிப் பழகினார். 1891இல் அங்கே திராவிட மகாஜன சபை தோன்றியது. பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும், படித்தவர்க்கு வேலை வேண்டும், பொதுக்கிணற்றில் நீர் எடுக்க உரிமை வேண்டும் என்று தீர்மானங்கள் நிறைவேறின. மறு ஆண்டு சென்னையில் பெரியவர்கள் கூடிய மகாஜன சபையில், தம் மக்களுக்கும் கோயில் திறக்கப்பட வேண்டும் என்று எழுந்து கேட்டார். அவையில் எதிர்ப்பே கிளம்பிற்று. பிறர் கட்டிய மன்றத்தில் இடம் கேட்டு நிற்பதினும், தம் மக்களே நடத்தும் மன்றம் ஒன்றைக் கட்டுவதே வழி என்பதை அவருடைய பின்னைய வாழ்வு காட்டுகிறது.

1898இல் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். திரும்பியதும் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை அமைத்தார். 1907 ஜூன் 19ஆம் நாள் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். பெயரிலேயே விலை! வாசகர் விருப்பப்படி மறு ஆண்டு அது ‘தமிழன்’ ஆயிற்று. வாசகர் ஐயங்களும் அவற்றுக்கு விடைகளும் அதில் வந்தன. கிளைச் சங்கங்களின் கூட்டச் செய்திகளும் வந்தன. ஓர் ஊரார் செய்ததை மற்றோர் ஊரார் அறிந்தனர். தங்கவயல், பெங்களூர், திருப்பத்தூர் மட்டுமன்றிக் கடல் கடந்து இரங்கூன் வரை கிளைகள் பரவின.

அவற்றுள் தங்கவயல் கிளையின் சிறப்பே தனி. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே பொன் தோண்டத் தொடங்கினர். வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து ஏழை மக்கள் சாரி சாரியாக வந்தனர். என் முன்னோரும் அப்படி வந்தவர்களே. ஊர் மாறியது, தொழில் மாறியது, நெல்லாகப் பெற்ற கூலி காசாக மாறியது. சாதி மட்டும் மூட்டையோடு மூட்டையாகக் கூடவே வந்தது. வேரோடு பெயர்ந்து வந்தவர்கள் புதிய வாழ்வை எதைப் பற்றிக்கொண்டு அமைப்பது? மாரிக்குப்பத்தில் எழுந்த பௌத்த சங்கம் அவர்களுக்குக் கைப்பிடியாயிற்று. திருமணமும் இறுதிச் சடங்கும் தம்மவரே நடத்தும் முறையில் நடந்தன. எழுத்தறிந்தவர் அறியாதவர்க்கு இதழைப் படித்துக் காட்டினர். எம். ஒய். முருகேசர் போன்ற தொண்டர்கள் சங்கத்தைத் தாங்கினர். இங்கே தொழிற்சங்கங்கள் வலுப்பெற்றதற்கு நெடுங்காலம் முன்பே கூடிப் பேசவும், பொதுப்பணம் சேர்க்கவும், பொறுப்பைப் பகிரவும் எம் மக்கள் கற்றிருந்தனர்.

1914 மே 5ஆம் நாள் பண்டிதர் மறைந்தார். சோதனை அன்றுதான் தொடங்கிற்று. அவர் மகன் பட்டாபிராமன் சிறிது காலம் இதழை நடத்தினார். பின்னர் அது நின்றது. ஆயினும் சங்கம் சாகவில்லை. அறிவியல் பேராசிரியரான லட்சுமி நரசு முன்னின்று வழிநடத்தினார். பௌத்தத்தை விளக்கும் முறையில் அவரும் பண்டிதரும் ஒத்த கருத்தினர் அல்லர். மாற்றுக் கருத்துடையவரும் தலைமை ஏற்க இடமிருந்தது என்பதே அச்சங்கத்தின் வலிமை. சாம்பியன் ரீஃப்பிலிருந்த சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டது. 1926இல் ‘தமிழன்’ மீண்டும் உயிர்பெற்றது. எங்கிருந்து? தலைநகர் சென்னையிலிருந்து அன்று, தங்கவயலிலிருந்து! ஜி. அப்பாதுரையார் ஆசிரியப் பொறுப்பேற்று நடத்தினார். சென்னையில் ஊன்றிய விதை சுரங்கத் தொழிலாளர் மண்ணில் மறுபடி முளைத்தது.

பண்டிதர் குறையற்றவர் என்று நான் கூறவில்லை. அவர் காட்டிய சொல்லாராய்ச்சியும் வரலாறும் சிலவிடங்களில் இன்றைய ஆய்வுக்கு நில்லா. ஆனால் சோதனைச்சாலையில் எங்களுக்கு ஒரு விதி உண்டு. ஒருவர் கண்டது உண்மையாயின், வேறொருவர் வேறோர் இடத்தில் செய்தாலும் அதுவே வர வேண்டும். சங்கத்திற்கும் அதுவே அளவுகோல் என்பேன். பண்டிதர் தொடங்கிய பணி பிறர் கையிலும் பிற ஊரிலும் நடந்தது. அவர் வெற்றி அதுவே.

2001 பிப்ரவரி 28ஆம் நாள் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன் பின் பிறந்தவன் நான். எம் ஊரார் வேலைக்காக விடியுமுன் பெங்களூருக்கு ரயிலேறுகின்றனர். மீண்டும் ஒரு பெயர்ச்சி. மீண்டும் சங்கத்தின் தேவை. மாணவத் தோழர்களே, நம் மன்றத்திலும் ஆண்டுதோறும் மூத்தோர் விடைபெறுவர். நாளை நாமும் விடைபெறுவோம். ஆகவே கணக்கேட்டை இன்றே முதலாண்டு மாணவர் கையில் கொடுத்து எழுதப் பழக்குவோம். நம்மோடு மாறுபடுவோரையும் மேடைக்கு அழைப்போம். நாம் போன பின்னும் மன்றத்தில் விளக்கு எரியுமாயின், அதுவே நாம் பண்டிதருக்குச் செய்யும் வணக்கம்.