தோற்ற தேர்தலுக்குச் சாட்சி தேடிய அண்ணல்

வாக்கு எண்ணிக்கை முடிந்த மறுநாள் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் எந்தத் தேநீர்க் கடையில் நின்றாலும், ஏதோ தில்லுமுல்லு நடந்துவிட்டது என்ற பேச்சு காதில் விழும். சாட்சி யார் என்று நாம் கேட்டால் கடை அமைதியாகிவிடும். அண்ணல் அம்பேத்கரும் இதே கேள்வியின் முன் நின்றவர்தான்.

சாட்சிக் கூண்டு அவருக்குப் புதிதல்ல. 1919 ஜனவரியில், 27 வயதில், வாக்குரிமை பற்றி விசாரித்த சௌத்பரோ குழுவிடம் தீண்டத்தகாதோருக்காகச் சாட்சியம் அளித்தவர் அவர். 33 ஆண்டுகள் கழித்து, அரசியல் சட்டம் எழுதிய கையோடு, முதல் பொதுத்தேர்தலில் பம்பாய் நகர வடக்குத் தொகுதியில் நின்றார்.

அது ஆலைத் தொழிலாளர்கள் நிறைந்த இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரு பொது இடம், ஒரு தனி இடம். ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு சீட்டு. வேட்பாளருக்கு ஒரு பெட்டி. ஒருவரே இரண்டு சீட்டையும் ஒரே பெட்டியில் போட்டால் ஒன்று செல்லாது. அண்ணலுக்குக் கிடைத்தவை 1,23,576 வாக்குகள். காங்கிரசின் கஜ்ரோல்கர் 14,561 வாக்குகள் கூடுதலாகப் பெற்று வென்றார். செல்லாதவை என்று ஒதுக்கப்பட்டவையோ 74,333!

அண்ணலும், பொது இடத்துக்கு நின்று தோற்ற சோசலிஸ்ட் தலைவர் அசோக் மேத்தாவும் சேர்ந்து தேர்தல் மனு போட்டார்கள். இரண்டு சீட்டையும் ஒரே வேட்பாளருக்குப் போடச் சொல்லி கம்யூனிஸ்ட் தலைவர் டாங்கே தரப்பு பிரசாரம் செய்தது, தேர்தலே செல்லாது என்பது வழக்கு.

எண்ணிக்கை பெரிது, நிரூபணமோ கடினம். யாருக்கு வாக்களித்தாய் என்று எந்தச் சாட்சியையும் சொல்லவைக்க முடியாது. 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 94-ஆவது பிரிவு அப்படி. அந்த இரகசியம் பண்ணையாரிடமிருந்தும் முதலாளியிடமிருந்தும் நம் சனங்களைக் காக்கிற வேலி. அதில் நமக்குக் குறையில்லை. ஆனால் பிரசாரத்தைக் கேட்டவர், துண்டறிக்கையை வாங்கியவர் வந்து சொன்னால்தான் வழக்கு நிற்கும். இன்று மனுவை 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். ஷிஃப்ட் விட்டு, ஒரு நாள் கூலியை இழந்து சாட்சிக்கு வரும் தொழிலாளி எத்தனை பேர்? கண்டதை நாள், நேரம், இடத்தோடு அன்றிரவே எழுதி வைக்கப் படிக்கிற பிள்ளைகளிடம் சொல்லி வருகிறோம்.

தீர்ப்பாயம் அண்ணலின் மனுவைத் தள்ளுபடி செய்தது. அவர் மாநிலங்களவைக்குப் போனார். 1954-இல் பண்டாரா இடைத்தேர்தலில் நின்று மறுபடி தோற்றார். 1956 டிசம்பர் 6-இல் மறைந்தார். இரட்டை உறுப்பினர் தொகுதிகளை ஒழிக்கும் சட்டம் 1961-இல்தான் வந்தது.