லெஸ்லி நியூபிகின்

லெஸ்லி நியூபிகின் (டிசம்பர் 8, 1909 - ஜனவரி 30, 1998) தமிழ்நாட்டில் பணியாற்றிய ஆங்கிலேய இறையியலாளரும் தென்னிந்தியத் திருச்சபையின் பேராயரும் ஆவார்.

காஞ்சிபுரத்தில்

நியூகாசிலில் பிறந்த இவர், ஸ்காட்லாந்து திருச்சபையின் மறைப்பணியாளராக 1936 இல் இந்தியா வந்தார். 1939 முதல் காஞ்சிபுரத்தில் பணியாற்றினார். அங்கு இராமகிருஷ்ண மடத் துறவிகளுடன் அமர்ந்து உபநிடதத்தையும் யோவான் நற்செய்தியையும் மாறி மாறிப் பயின்றார்.

திருச்சபை இணைப்பு

ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபைகளின் இணைப்புப் பேச்சுகளில் இவர் பங்கேற்றார். பேராயரிடம் குருப்பட்டம் பெறாத போதகர்களை ஏற்பதா என்பது பெரும் சிக்கலாக இருந்தது. மறுபட்டம் இன்றியே அவர்களை ஏற்பதென முடிவாகி, செப்டம்பர் 27, 1947 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. அத்தகைய போதகர்களுள் ஒருவரான நியூபிகின், 37 ஆவது வயதில் மதுரை-இராமநாதபுரம் பேராயரானார். 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயராக இருந்தார்.