டபூவை உடைத்த ராணி

'டபூ'ன்னு நாம சாதாரணமா சொல்றோமே, அந்த வார்த்தை எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? 1777-ல் டோங்கா தீவுகளுக்குப் போன கேப்டன் குக் அங்கே கேட்டு எழுதி வைத்த சொல் அது. ஹவாய்க்காரர்கள் 'கபு' என்பார்கள். வெறும் தடைன்னு நினைச்சுடாதீங்க. புனிதமானது, அதனால நெருங்கக் கூடாதது என்ற அர்த்தமும் அதில் உண்டு. தெய்வங்களிடமும் தலைவர்களிடமும் இருக்கும் 'மனா' என்ற சக்தியைக் காக்கும் வேலி அது.

அந்த வேலியைச் சாய்த்தவர்களில் முக்கியமானவர் காஹுமானு. மாவி தீவின் ஹானாவில் பிறந்தவர். ஹவாய் தீவுகளை ஒரே அரசாக்கிய கமேஹமேஹாவுக்கு மனைவிகள் பலர். அவர்களில் அவருக்கு ரொம்பப் பிரியமானவர் இவர்தான். அரசியலில் பெரிய செல்வாக்கு. ஆனா ஒரு வாழைப்பழம் சாப்பிட முடியாது! பன்றிக்கறி, தேங்காய், சில வகை மீன்களும் பெண்களுக்குக் கபு. ஆண்களோடு சேர்ந்து சாப்பிடவும் கூடாது. மீறினால் மரண தண்டனை வரைக்கும் போகும்.

இதுக்கு நடுவுல வெளிநாட்டுக் கப்பல்கள் வந்தன. வந்தவங்க கபுவை மதிக்கல. அவங்களுக்கு ஒண்ணும் ஆகல. இதை எல்லாரும் பார்த்துக்கிட்டுதான் இருந்தாங்க.

1819 மே மாதம் கமேஹமேஹா இறந்தார். மகன் லிஹோலிஹோ அரசரானார். தானும் சேர்ந்து ஆளுவதுதான் மறைந்த அரசரின் விருப்பம் என்று அறிவித்து, காஹுமானு அதிகாரத்தில் பங்கு எடுத்துக்கிட்டார். அடுத்து கபு. புது அரசரின் தாய் கேயோபுவோலானி, மிக உயர்ந்த புனித வம்சத்தில் பிறந்தவர், தன் சின்ன மகனோடு உட்கார்ந்து சாப்பிட்டார். லிஹோலிஹோ தயங்கினார். அந்த ஆண்டின் கடைசியில் ஒரு விருந்து. ஆண்களுக்கு ஒரு மேஜை, பெண்களுக்கு ஒரு மேஜை. எல்லாரும் பார்க்க, அரசர் பெண்கள் மேஜையில் போய் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பிச்சார். வானம் இடிஞ்சு விழல. கோயில்களை இடிக்கவும் சிலைகளை எரிக்கவும் உத்தரவு போனது.

எல்லாரும் இதை ஏத்துக்கல. அரசரின் உறவினர் கேகுவாவோகலானி பழைய தெய்வங்களுக்காகப் படை திரட்டினார். குவாமோ போரில் அவரும், பக்கத்திலேயே நின்று போரிட்ட மனைவி மனோனோவும் உயிர் விட்டார்கள். இன்னொரு பெண், எதிர்ப்பக்கம். அதையும் மறக்காதீங்க.

கிறிஸ்தவ மிஷனரிகள் வந்ததே அடுத்த வருஷம், 1820-ல்தான். அதாவது, கபுவை உடைச்சது அந்த மண்ணின் ஆட்களே. காஹுமானு 1825-ல் ஞானஸ்நானம் பெற்றார். 1830-ல் பொது இடங்களில் ஹூலா நடனத்துக்குத் தடை போட்டார். ஆமாங்க, தடையை உடைச்ச அதே ஆள்தான்!

1832-ல் அவர் இறந்தார். ஹூலா பிறகு மீண்டு வந்தது. வாழைப்பழத்துக்கு மட்டும் யாரும் திரும்பத் தடை போடல.